தளம் மாறிய இதழ்: ‘லிங்குவா’ – ‘குளோசா’ இடப்பெயர்வுகளும் தமிழ் மின்னிதழ்களின் முகவரிச் சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

இணையவழி ஆய்விதழ் ஒன்று ஒரு தளத்தை விட்டு வேறொரு தளத்திற்குச் செல்லும்போது எது மாறலாம், எது மாறக்கூடாது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. மொழியியல் ஆய்விதழான ‘லிங்குவா’வின் பதிப்புக்குழு 2015இல் வெளியேறி ‘குளோசா’வைத் தொடங்கியதும், குளோசா 2021இல் மீண்டும் தளம் மாறியதும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. மென்பொருள் எது என்பதைவிட, இதழின் பெயரும் கட்டுரைகளின் முகவரியும் யார் பொறுப்பில் உள்ளன என்பதே முதன்மையானது என்பதும், தமிழ் மின்னிதழ்கள் இதனைக் கருதாமையால் வரும் இழப்பைக் கட்டுரையாளரே சுமக்கின்றனர் என்பதும் இக்கட்டுரையின் வாதங்கள்.

முதன்மைச் சொற்கள்: மின்னிதழ், தளமாற்றம், நிலைத்த முகவரி, குளோசா, ஓ.ஜே.எஸ்., போலி இதழ்

முன்னுரை

ஆய்வேட்டில் ‘புறம். 192’ என்று அடிக்குறிப்பு இடுபவர் எந்தப் பதிப்பு, எத்தனையாம் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. உ.வே.சாமிநாதையரின் 1894ஆம் ஆண்டுப் பதிப்பிலும், பின்வந்த உரைப்பதிப்புகளிலும், மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பிலும் அப்பாட்டு அதே எண்ணில் நிற்கிறது. ஏடு தாளாயிற்று, தாள் திரையாயிற்று, திரையிலும் திஸ்கி எழுத்துமுறை போய் ஒருங்குறி வந்தது. பாட்டின் முகவரி மட்டும் மாறவில்லை. தொல்காப்பியத்தில் உரைகாரர்தோறும் நூற்பா எண் வேறுபடுவதால் ‘இளம்.’, ‘சேனா.’, ‘நச்.’ என உரைகாரர் பெயரையும் சேர்த்துக் குறிக்கும் வழக்கம் ஏற்பட்டது. பனுவலின் முகவரி அது தங்கியிருக்கும் இடத்தைச் சார்ந்திருக்கக் கூடாது என்னும் அறிவு தமிழாய்வுக்குப் புதிதன்று.

அதே ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலில் மின்னிதழ்க் கட்டுரை ஒன்று இடம்பெறும்போது இந்த அறிவு கைவிடப்படுகிறது. அரைப்பக்க நீளத்திற்கு ஓர் இணைய முகவரி. அதன்கீழ் ‘பார்த்த நாள்’. அந்த முகவரி கட்டுரைக்கு உரியதன்று. கட்டுரை அன்றைக்குத் தங்கியிருந்த இடத்திற்கு உரியது. இதழ் இடம் மாறினால் அது வெறும் எழுத்துச்சரமாகிவிடும். 2000 முதல் 2019 வரையான காலத்தில் உலகளவில் 174 திறந்த அணுக்க இதழ்கள் இணையத்திலிருந்தே மறைந்துபோயின என்று லாக்ஸோ, மத்தியாஸ், யான் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. முற்றாக மறைந்த இதழ்களின் கணக்கு அது. உயிரோடிருந்தும் பழைய முகவரிகளை இழந்துவிட்ட இதழ்கள் அக்கணக்கில் வாரா.

தளமாற்றம் குறித்த பேச்சு பெரும்பாலும் எந்த மென்பொருள், எவ்வளவு இடம், ஆண்டுக்கு எவ்வளவு கட்டணம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. இதழ் என்பது கோப்புகளின் தொகுதி மட்டுமானால் அது போதுமானதே. ஆசிரியர், மதிப்பீட்டாளர், கட்டுரையாளர், வாசகர் ஆகியோர் கூடிய ஒரு சமூகமாகவும், மேற்கோள்களால் பின்னப்பட்ட ஒரு வலையாகவும் இதழைக் கொண்டால், இடம்பெயர்வை வேறு அளவுகோல் கொண்டு மதிப்பிட வேண்டும். அவ்வாறு மதிப்பிட மொழியியலாளர் நன்கறிந்த ஒரு நிகழ்வு இருக்கிறது.

லிங்குவாவிலிருந்து வெளியேறியவர்கள்

‘லிங்குவா’ 1949இல் தொடங்கப்பட்ட பொதுமொழியியல் இதழ். எல்செவியர் நிறுவனம் அதனை வெளியிட்டுவந்தது. திறந்த அணுக்கக் கட்டுரைக்கு 1800 டாலர் கட்டணம் பெறப்பட்ட நிலையில், அதனை ஏறத்தாழ 400 யூரோவாகக் குறைக்க வேண்டும், இதழின் உரிமை ஆசிரியர்களிடம் வர வேண்டும் என்று யோஹான் ரூரிக் தலைமையிலான பதிப்புக்குழு கோரியது. இதழ் தன்னுடையது என்று நிறுவனம் மறுத்தது. 2015 அக்டோபரில் 6 ஆசிரியர்களும் பதிப்புக்குழு உறுப்பினர் 31 பேரும் ஒருசேர விலகினர். 2016இல் ‘குளோசா’ என்னும் புதிய இதழ் யுபிக்விட்டி பதிப்பகத்தின் தளத்தில் வெளிவரத் தொடங்கியது.

இந்நிகழ்வு வழக்கமாக ஒரு வெற்றிக்கதையாகவே எடுத்துரைக்கப்படுகிறது. அதில் உண்மை உண்டு. குளோசா நிலைபெற்றது, மொழியியலில் மதிப்புமிக்க இதழாக விளங்குகிறது. 2023இல் ‘நியூரோஇமேஜ்’ இதழின் ஆசிரியர்கள் ஒருங்கே விலகி ‘இமேஜிங் நியூரோசயன்ஸ்’ என்ற புதிய இதழைத் தொடங்கியபோதும் இத்தகைய முன்னோடிகளே நினைவுகூரப்பட்டன. ஆயினும், எவையெல்லாம் இடம்பெயர்ந்தன, எவை பெயரவில்லை என்று பிரித்துப் பார்த்தால் கதை சற்று நிறம் மாறுகிறது.

ஆசிரியர்கள் பெயர்ந்தனர். மதிப்பீட்டாளர்களும் கட்டுரையாளர்களில் பெரும்பகுதியினரும் உடன் பெயர்ந்தனர். பெயர் பெயரவில்லை. ‘லிங்குவா’ என்னும் பெயரும் அதன் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் நிறுவனத்திடமே நின்றுவிட்டன. புதிய ஆசிரியர்களைக் கொண்டு அவ்விதழ் தொடர்ந்து வெளிவந்தது. வெளியேறியோர் பக்கம் நின்றவர்கள் அதனை ‘ஸோம்பி லிங்குவா’ என்று எள்ளியதோடு சரி. 1949 முதலான கட்டுரைக் களஞ்சியமும் பெயரவில்லை. ஏறத்தாழ 66 ஆண்டுகளாக மொழியியல் சமூகம் எழுதியும் மதிப்பிட்டும் திருத்தியும் சேர்த்த செல்வம் அது. சமூகம் வீட்டைவிட்டு வெளியேறியது. பெட்டி பேழையெல்லாம் உள்ளேயே இருந்தன.

பெயரை இழப்பது உணர்வு சார்ந்த செய்தி மட்டுமன்று. புதிய பெயரும் புதிய ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் கொண்ட இதழ், மேற்கோள் அட்டவணைகளின் பார்வையில் நேற்றுப் பிறந்த இதழ். அதன் தாக்கக் காரணி சுழியிலிருந்து தொடங்க வேண்டும். மூத்த பேராசிரியர் ஒருவருக்கு இது பொருட்டன்று. பணி தேடும் இளம் ஆய்வாளர் தம் சிறந்த கட்டுரையைப் புதிய இதழுக்கு அனுப்புவதென்றால், தெரிந்தே ஒரு கணக்கை விட்டுக்கொடுக்கிறார். குளோசாவைப் பாராட்டும் எழுத்துகள் ரூரிக்கின் துணிவை விரிவாகப் பேசுகின்றன; முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அவ்விதழுக்கு எழுதிய இளையோரின் துணிவைப் பற்றிய பேச்சு குறைவு. இவ்விரண்டில் பின்னதே விலை மிகுந்தது என்பது என் துணிபு.

இரண்டாம் பெயர்வு

குளோசா 2021இல் மீண்டும் இடம்பெயர்ந்தது. இம்முறை யுபிக்விட்டியை விட்டு, லண்டன் பல்கலைக்கழகத்தின் பர்க்பெக் கல்லூரியில் உருவான ‘மானுடவியற்புலத் திறந்த நூலகம்’ என்னும் அமைப்பின்கீழ், அவ்வமைப்பே உருவாக்கிய ‘ஜேன்வே’ என்ற கட்டற்ற மென்பொருள் தளத்திற்குச் சென்றது. முதல் பெயர்வைப் பற்றி நாளிதழ்கள்கூட எழுதின. இரண்டாம் பெயர்வு பேசப்படவில்லை. ஆனால் நாம் கற்க வேண்டியது இரண்டாவதிலிருந்துதான்.

இம்முறை பெயர் உடன்வந்தது, ஐ.எஸ்.எஸ்.என். உடன்வந்தது, 2016 முதலான கட்டுரைகள் அனைத்தும் உடன்வந்தன. மென்பொருள், வெளியீட்டாளர், நிதி வரும் வழி ஆகிய மூன்றும் மாறியிருந்தும் வாசகர் பார்வையில் இதழ் அதே இதழாகவே இருந்தது. தொழில்நுட்பம் ஐந்தாண்டுகளில் முன்னேறிவிட்டது இதற்குக் காரணமன்று. இதழின் பெயர் இம்முறை ஆசிரியர்கள் பக்கம் இருந்தது; தொடக்கத்திலேயே அவ்வாறு அமைத்துக்கொண்டனர். வெளியீட்டாளர் என்பவர் பணி செய்து தருபவர் என்ற நிலையில் மட்டுமே இருந்தார். அவரை மாற்றலாம், மாற்றினர்.

இதற்கு ஒரு சிறு தடயம் கட்டுரைகளின் டி.ஓ.ஐ. எண்களிலேயே பதிந்துள்ளது. குளோசாவின் பழைய கட்டுரைகளின் எண்கள் 10.5334 என்று தொடங்கும். அது யுபிக்விட்டிக்கு வழங்கப்பட்ட முன்னொட்டு. 2021க்குப் பிந்தையவை 10.16995 என்று தொடங்கும். அது திறந்த நூலகத்திற்குரியது. ஓர் இதழுக்குள் இரு முன்னொட்டுகள். ஒழுங்கு விரும்புவோர் கண்ணுக்கு இது உறுத்தலாகத் தோன்றலாம். பழைய எண்களை மாற்றிப் புதிய முன்னொட்டில் ஒரே சீராக்கியிருந்தால் பட்டியல் அழகாக இருந்திருக்கும். ஐந்தாண்டுக்கால மேற்கோள்கள் குழம்பியிருக்கும். பழைய எண்களை அப்படியே விட்டு, அவை சென்றடையும் இடத்தை மட்டும் மாற்றினர். தொல்காப்பிய நூற்பாக்களுக்கு உரைகாரர்தோறும் உள்ள எண்களை ஒரே எண்ணாக்க முயலாமல், ‘சேனா.’ என்று சேர்த்தெழுதிய அதே நிதானம் இது.

டி.ஓ.ஐ. பற்றி நம்மிடையே நிலவும் ஒரு மயக்கத்தை இங்குச் சுட்ட வேண்டும். டி.ஓ.ஐ. எண் பெற்ற கட்டுரை அழியாது என்று பலர் கருதுகின்றனர். அந்த எண் ஒரு பதிவேட்டுக் குறிப்பு மட்டுமே. இதழ் இடம் மாறியதும் புதிய முகவரியை யாரேனும் அப்பதிவேட்டில் எழுதினால்தான் எண் வேலை செய்யும். எழுதாவிட்டால் அதுவும் வெற்று இடத்திற்கே அழைத்துச்செல்லும். அஞ்சல் நிலையத்தில் முகவரி மாற்றம் எழுதிக்கொடுக்காமல் வீடு மாறியவருக்கு வந்த கடிதம் போலத்தான்.

எண்ணைக் காத்த களஞ்சியம்

இயற்பியலாளரின் முன்வெளியீட்டுக் களஞ்சியமான ‘ஆர்க்கைவ்’ இதனை எவ்வளவு எளிமையாகச் செய்யலாம் என்பதற்குச் சான்று. 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் அதனை லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் தொடங்கினார். 2001இல் அவர் கார்னெல் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபோது களஞ்சியமும் அங்குச் சென்றது. ஹுவான் மால்டசேனா 1997 நவம்பரில் இட்ட புகழ்பெற்ற கட்டுரை, கோட்பாட்டு உயர் ஆற்றல் இயற்பியல் பிரிவில் 9711200 என்ற எண் பெற்றது. அது லாஸ் அலமோஸில் இருந்தபோது பெற்ற எண். இன்றும் அதே எண்ணில் திறக்கிறது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் இயங்கிய பிரதித் தளத்திலும் கட்டுரைக்கு அதே எண்தான். 2007 ஏப்ரலில் புதிய எண்முறை வந்தது. 2015 ஜனவரியில் அவ்வெண் மேலும் ஓர் இலக்கம் நீண்டது. இரு முறையும் பழைய கட்டுரைகளின் எண்ணில் கைவைக்கவில்லை. இயற்பியலாளர் தம் மேற்கோள்களில் இணைய முகவரியை எழுதுவதே அரிது. எண்ணை எழுதுவர், நாம் ‘புறம். 192’ என்று எழுதுவதைப்போல.

தளம் மாறாமலே ஆபத்து வருவதும் உண்டு. சமூக அறிவியலாளரின் எஸ்.எஸ்.ஆர்.என். களஞ்சியத்தை 2016இலும், பல்கலைக்கழக நூலகங்களின் களஞ்சியங்களுக்கு இடமளித்த பிபிரஸ் நிறுவனத்தை 2017இலும் எல்செவியர் வாங்கிற்று. நூலகங்கள் எங்கும் நகரவில்லை. நின்ற நிலம் கைமாறியது. பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் மாற்றுத் தளம் தேடுவதாக வெளிப்படையாகவே அறிவித்தது. புறப்பட முடிவு செய்யும் நாளில்தான், எவற்றையெல்லாம் எடுத்துச்செல்ல முடியும் என்ற கணக்கு தெரியவரும். அக்கணக்கைக் குடிபுகும் நாளிலேயே போட்டவர் குளோசாவினர்.

தமிழ் மின்னிதழ்களில்

தமிழாய்வு மின்னிதழ்களில் பல ஓ.ஜே.எஸ். என்னும் மென்பொருளில் இயங்குகின்றன. ஜான் வில்லின்ஸ்கி தொடங்கிய பொது அறிவுத் திட்டம் 2001இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. செலவின்றிக் கிடைப்பது, தமிழ் இடைமுகமும் அமைத்துக்கொள்ளத்தக்கது. அதைக் குறை கூற இடமில்லை. அதில் ஒவ்வொரு கட்டுரையின் முகவரியும் ஒரு தொடரெண்ணில் முடிகிறது. அவ்வெண் கட்டுரைக்கு ஆசிரியர் கொடுத்ததன்று. தரவுத்தளம் தன் வரிசைப்படி தானே இட்டுக்கொண்டது.

இதழை வேறிடத்திற்குக் கொண்டுசெல்ல இரு வழிகள் உள்ளன. தரவுத்தளத்தையும் கோப்புகளையும் முழுமையாக அப்படியே பெயர்ப்பது ஒன்று. அதில் எண்கள் நிலைக்கும். கட்டுரைகளை எக்ஸ்.எம்.எல். கோப்பாக ஏற்றுமதி செய்து புதிய நிறுவலில் இறக்குவது மற்றொன்று. பழைய வழங்கியை நடத்துபவர் தரவுத்தளத்தைத் தர மறுத்தாலோ, பதிப்பு வேறுபாடு மிகுந்திருந்தாலோ இந்த இரண்டாம் வழியே கைகொடுக்கும். இதில் கட்டுரைகள் வந்துசேரும், எண்கள் வாரா. புதிய தரவுத்தளம் புதிதாக எண்ணிடும். 87ஆம் எண்ணில் இருந்த கட்டுரை 12ஆம் எண்ணுக்குப் போகலாம். பழைய முகவரியில் வேறொருவர் கட்டுரை திறப்பதும் நேரும். முகவரி வேலை செய்யாமற் போவதைவிட இது கொடியது. மேற்கோளைச் சரிபார்க்க வந்தவர், ஆய்வாளர் பொய்ச்சான்று காட்டியதாகவே எண்ணுவார். மதிப்பீட்டாளர் குறிப்புகளும் திருத்த வரலாறும் இவ்வழியில் வருவதில்லை. ‘மதிப்பீட்டிதழ்’ என்று சொல்லிக்கொள்வதற்கான ஆவணமே அவைதான்.

தமிழுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. பழைய தரவுத்தளம் ஒருங்குறிக்கேற்ப அமைக்கப்படாததாயின், பெயர்க்கும்போது தமிழ் எழுத்துகள் வினாக்குறிகளாகவோ பொருளற்ற குறிகளாகவோ உருமாறும். ஆங்கிலத் தலைப்புகள் சேதமின்றி வந்துவிடுவதால், பொறுப்பாளர் முகப்பை ஒருமுறை பார்த்து எல்லாம் சரி என்று முடிவுகட்டிவிடக்கூடும். ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் ஆக்கப்பட்ட பழைய பி.டி.எஃப். கோப்புகள் வேறுவகை. அவை எத்தனை தளம் மாறினும் கண்ணுக்குத் தமிழாகவே தெரியும். தேடுபொறிக்கு மட்டும் தமிழன்று. இதழ் இடம்பெயரும் நாள், அவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளத் தக்க நாள். அதனைச் செய்தோர் சிலரே.

இதழின் இணையப்பெயர் யார் பெயரில் பதிவாகியுள்ளது என்பது அடுத்த வினா. துறையின் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ பதிவதைவிட, ஆசிரியரின் பெயரிலோ தளம் அமைத்துக்கொடுத்த கணினிப் பணியாளரின் பெயரிலோ பதிந்துவிடுவதே எளிதாக நடந்துவிடுகிறது. அவர் ஓய்வுபெறுகிறார், வேறு பணிக்குச் செல்கிறார், அல்லது ஆண்டுக் கட்டணம் கட்ட மறக்கிறார். பெயர் ஏலத்துக்குப் போகிறது. லிங்குவாவில் பெயரைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு பெருநிறுவனம். நம் சூழலில் பெயரை இழக்கப் பெருநிறுவனம் ஏதும் வேண்டியதில்லை. கட்டத் தவறிய சில நூறு ரூபாய் போதும்.

டி.ஓ.ஐ. பதிவுக்கு ஆண்டுச் சந்தாவும் கட்டுரைதோறும் கட்டணமும் உண்டு என்பதால், கட்டணம் பெறாத சிறிய இதழ்களுக்கு அது சுமையே. அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆண்டு, இதழ், கட்டுரை வரிசை ஆகியவற்றைக் கொண்டு இதழே தன் கட்டுரைகளுக்கு நிலைத்த எண் இட்டு, அதனைக் கட்டுரையின் முதற்பக்கத்திலேயே அச்சிட யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. மதுரைத் திட்டம் 1998இலிருந்து தன் மின்பதிப்புகளுக்கு வரிசையெண் இட்டுவருவது இதற்கு நம் முன்னுள்ள எடுத்துக்காட்டு. வெளியான மறுநாளே வண்ணச் சான்றிதழ் அனுப்பிவைக்கும் அக்கறையில் ஒரு பங்கு போதும், இதைச் செய்ய.

போலியும் மெய்யும்

இச்சிக்கல் வெறும் ஒழுங்குமுறைச் சிக்கலாக நின்றுவிடாமைக்குக் காரணம் போலி இதழ்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019 முதல் நடைமுறைப்படுத்திய ‘கேர்’ பட்டியலில் இதழ்கள் பெயராலும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணாலும் அறியப்பட்டன. பட்டியலில் உள்ள இதழ்களின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்துப் போலித் தளங்கள் தொடங்கிக் கட்டணம் வாங்கியோர் பலர். எது மெய், எது போலி என்று எச்சரிக்கைகளைக் குழுவே வெளியிட நேர்ந்தது. இச்சூழலில் ஓர் உண்மையான இதழ் முன்னறிவிப்பின்றிப் புதிய முகவரிக்கு மாறினால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது போலியிலிருந்து வேறுபடுவதில்லை. அதே பெயர், அதே எண், வேறு முகவரி: போலிக்கும் இதுவே அடையாளம். பழைய முகவரி செயலற்றுப்போய், புதிய முகவரி மட்டும் நிற்கும்போது மெய்ப்பிக்கும் சுமை கட்டுரையாளர்மீது விழுகிறது.

ஐ.எஸ்.எஸ்.என். எண் இதழின் தலைப்புக்கும் ஊடகத்துக்கும் உரியது. இணைய முகவரி மாறுவதற்காகப் புதிய எண் பெற வேண்டியதில்லை. ஆனால் பதிவில் உள்ள முகவரியைப் புதுப்பிக்கலாம், புதுப்பிக்க வேண்டும். பழைய தளத்தின் முகப்பில் மாற்ற அறிவிப்பையும், ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் அதற்குரிய புதிய பக்கத்திற்கு நிலையான திசைதிருப்பலையும் சில ஆண்டுகளேனும் வைத்திருப்பது, மெய்யான இதழ் போலியிடமிருந்து தன்னைப் பிரித்துக்காட்டும் வழி. போலிக்குப் பழைய தளத்தின்மேல் ஆளுகை இருக்காது. முகப்பைப் புதிய முகப்புக்குத் திருப்பினால் போதும் என்று சிலர் நிறுத்திக்கொள்கின்றனர். கட்டுரையைத் தேடிவந்தவரை வாசலில் நிறுத்துவதற்கே அது உதவும்.

2022 நவம்பர் விதிமுறைகளில் ஆய்வேடு அளிக்கும்முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு நீக்கியது. ‘கேர்’ பட்டியலையும் கைவிடுவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. இதனால் சிக்கல் தீர்ந்தது என்று கருத இயலாது. நேர்காணலிலும் பதவி உயர்விலும் கட்டுரை எண்ணிக்கை கேட்கப்படுவது நிற்கவில்லை. பொதுப் பட்டியல் ஒன்று இல்லாத நிலையில், இதழின் தரத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே பார்த்து முடிவுசெய்ய வேண்டும். பார்ப்பது என்பது முகவரியைத் திறந்து பார்ப்பதுதான். அட்டவணையில் இல்லாத இதழாகத் தொடங்கிய குளோசாவுக்கு எழுதிய இளையோர் தம் இழப்பை அறிந்தே ஏற்றனர். அறிவிப்பின்றித் தளம் மாறிய இதழில் எழுதிய நம் ஆய்வாளர், தம் கட்டுரை திறக்கவில்லை என்பதைத் தேர்வுக்குழுவின் முன்னமர்ந்தே அறிகிறார்.

மேற்கோள் காட்டியவரின் நிலை இதனினும் இக்கட்டானது. ஆர்வர்டு சட்ட ஆய்விதழ்களின் மேற்கோள் இணைப்புகளில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை மூலத்தைக் காட்டவில்லை என்று ஜிட்ரைன், ஆல்பர்ட், லெஸ்ஸிக் ஆகியோர் 2014இல் காட்டினர். வளம் மிக்க நிறுவனமொன்றின் நிலையே அது. ஒப்புதல் பெற்று ‘சோத்கங்கா’வில் ஏற்றப்பட்டுவிட்ட தமிழ் ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலை எழுதியவரே நினைத்தாலும் திருத்த இயலாது. அதிலுள்ள முகவரிகளை இனி வேலை செய்ய வைக்கக்கூடியவர் ஒருவரே: இடம்பெயரும் இதழின் ஆசிரியர். பழைய எண்ணுக்கு நேராகப் புதிய எண்ணை எழுதிய ஒரு பட்டியலை அவர் வழங்கியில் ஏற்ற வேண்டும். முந்நூறு கட்டுரைகள் கொண்ட இதழுக்கு அது இரண்டு நாள் வேலை.